ஒரே வேண்டுதல்

ஜன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண் சரிந்து சாலையை விழுங்கிய இடம் அங்கிருந்தே தெரிந்தது. பச்சைக்கு நடுவே புண் போலச் சிவந்த ஒரு கோடு. அந்தச் சாலையில்தான் அவள் கணவன் லாரியோடு காணாமல் போயிருந்தான்.

"கொஞ்சம் உட்காருங்க அண்ணி. இப்படி நின்னுக்கிட்டே இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் கணவனின் தங்கை. செய்தி கேட்டதும் மருந்துக்கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தவள், அன்றிலிருந்து இங்கேயே இருக்கிறாள்.

"மெதுவாப் பேசு. இங்க வா, இதைப் பாரு."

பால்கனி மூலையில், செடி பட்டுப்போன ஒரு தொட்டிக்குள் புறா ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து இரண்டு சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"அன்னைக்கு அந்தப் பேய்மழையில பக்கத்து வீட்டுத் தகரமே பறந்துச்சு. இது அசையணுமே! றெக்கையை விரிச்சுக் குஞ்சுங்களை மூடிக்கிட்டு, அது பாட்டுக்கு நனைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கடவுளும் நம்மளை இப்படித்தான் மூடி வச்சிருக்கார்."

நாத்தனாருக்குக் கண் நிறைந்தது. "எனக்கு அந்த மலையைப் பார்த்தாலே வயிறு எரியுது அண்ணி. அதையே பார்த்துக்கிட்டு நீங்க கடவுளைப் பத்திப் பேசுறீங்க."

"நானும் முன்னெல்லாம் இதையெல்லாம் கண்ணால பார்த்ததில்லம்மா. தலை குனிஞ்சே பழகிட்டேன். இப்ப நிமிர்ந்து பார்த்தா எல்லாத்துலயும் அவர்தான் தெரியறார். நேத்து விடிஞ்சுது, இன்னைக்கும் விடிஞ்சுது. நாம கேட்டா விடியுது? நம்ம யோக்கியதையைப் பார்த்தா விடியுது? அவருக்கு நம்ம மேல அவ்வளவு பிரியம். ஒரு நாள்கூட மறக்க மாட்டேங்கறார்."

பின்பக்கத்திலிருந்து மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டாம் வகுப்புப் படிப்பவள். துணி ஊற வைத்த வாளியில் கையை விட்டு நுரையை அள்ளி அள்ளி ஊதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஊதலுக்கும் வீடே அதிரும்படி ஒரு சிரிப்பு.

"குட்டி இப்படிச் சத்தம் போட்டுச் சிரிச்சு நான் கேட்டதே இல்லையே" என்றாள் நாத்தனார். "பாவம், என்ன நடந்திருக்குன்னே தெரியல அதுக்கு."

"சிரிக்கட்டும் விடு."

"எங்கண்ணன் எறும்பு ஊர்ந்தாக்கூட ஒதுங்கிப் போறவன் அண்ணி. அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வச்சு ஆளாக்கினதே அவன்தான். அவனுக்குப் போயி இப்படி..." முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவள் நாத்தனாரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உட்கார்ந்து அப்படி என்னதான் வேண்டிக்கிறீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான். வெளியில சொன்னா பலிக்காதும்பாங்க."

"பலிக்கும் அண்ணி. உங்க நம்பிக்கையில கால்வாசி எனக்கு இருந்தாப் போதும்."

அப்போதுதான் நாத்தனாரின் போன் அடித்தது. மீட்புப் பணியில் இருந்த அதிகாரி. அவள் "ஆமா... ஆமா சார், தங்கச்சிதான்" என்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உயிரோட இருக்கான் அண்ணி! லாரி உருளறதுக்கு முன்னாடியே குதிச்சுட்டானாம். காட்டுக்குள்ள ஒரு பாழடைஞ்ச கொட்டகையில ஒண்டிக்கிட்டு இருந்திருக்கான். கால்ல சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான்! ஜீப்புல கூட்டிட்டு வந்துக்கிட்டே இருக்காங்களாம்!"

நாத்தனார் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுத் தையற்காரம்மா கழுத்தில் டேப்போடு ஓடி வந்தாள். வீட்டுக்காரர் வந்தார். மாடிப்படி முழுக்க ஆட்கள்.

"கடவுள் கேட்டுட்டார் அண்ணி! நீங்க கேட்டதை அப்படியே கொடுத்துட்டார்!" நாத்தனார் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள்.

அந்தப் பிடிக்குள் அவள் உடம்பு கட்டையாக நின்றது. பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்ட கைகளையும் மீறி அழுகை வெடித்தது.

"அழட்டும், யாரும் தடுக்காதீங்க" என்றாள் தையற்காரம்மா, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "சந்தோஷத்துல வர்ற அழுகை. இத்தனை நாள் அடக்கி வச்சதுல்ல?"

வெளியே வெயில் நேற்றைப் போலவே அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு யாரிடமோ ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

"குட்டி, அப்பா வர்றாருடி!" என்று யாரோ சொன்னார்கள்.

சின்னவள் பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து வந்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காதபடி காதோடு கேட்டாள்:

"அம்மா, நான் இப்பவே கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கட்டுமா?"