நாற்பது நிமிடம்

டர்ர்ர்ர்...

பின்கட்டிலிருந்து சத்தம் வந்ததும் வைத்தீஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு பத்து. கடையில் வாங்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. பாத்திரத்தில் பெயர் வெட்டும் மிஷின் மட்டும் ஓடுகிறது.

ஐந்தாவது நாளாக அதே நேரம். அதே நாற்பது நிமிடம் ஓடும். நோட்டில் குறித்துக்கொண்டான்.

வண்ணார்பேட்டையில் அந்தப் பாத்திரக்கடைக்கு லாபம் ஏன் இறங்குகிறது என்று ஆராய்ந்து சொல்ல, சென்னையிலிருந்து வந்திருக்கும் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட் அவன். கடைப் பையன்கள் வைத்த பெயர் 'கடியாரம் சார்'. டீ குடிக்கப் போய்வருகிறவன்கூட, "மூணரை நிமிசம் சார், எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவான்.

அவனுக்குக் கோபம் வருவதில்லை. பார்ப்பது, கேட்பது, எண்ணி எழுதுவது, இதுதானே தொழில். சொந்த ஊர் என்பதால் தங்கல் அம்மா வீட்டில். எந்தக் கடைக்கு வேலை என்று அங்கேயும் மூச்சு விடவில்லை, தொழில் ரகசியம். அம்மா ருக்கு ஐந்து நாளாகத் தினம் ஒரு பாயசம் வைக்கிறாள். காலையில் குளிக்கப் போனவன், வெந்நீர்ப் பித்தளைத் தவலை எங்கே என்று கேட்டதற்கு, "பரண்ல இருக்குடா, அதையும் நோட்டுல எழுதிக்கோ" என்று சிரித்தாள்.

முதலாளி ஞானசிகாமணி அண்ணாச்சியிடம் நோட்டைக் காட்டினான். பெயர் வெட்டும் பிரேமலதா தினமும் வெளி வேலை வாங்கிச் செய்கிறாள் என்றான். கடை மிஷின், கடை கரண்ட், கடைச் சம்பளம்.

"என் கடையில எது எங்கன இருக்குன்னு எனக்கே தெரியாது. அஞ்சு நாள்ல கண்டுபிடிச்சிட்டியளே தம்பி" என்று அண்ணாச்சி சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. பன்னிரண்டு வருஷமாக இருக்கிற பிள்ளை. கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னால், இன்றைக்கே நிறுத்திவிடலாம் என்றார்.

செல்போன் கேமராவைத் திறந்துகொண்டு வைத்தீஸ்வரன் பையப் பின்கட்டுக்குள் போனான்.

பிரேமலதா தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கடை எடைக்கு வாங்கிய பழைய பாத்திரங்கள். ஒரு குடத்திலிருந்த பெயரின் மேல் மிஷின் ஊசியால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்றீங்க?"

"பேரை அழிக்கேன் சார்."

"உருக்கப் போற பாத்திரத்துல பேர் இருந்தா என்ன?"

"நாலு மணிக்குப் பழைய சாமான் வண்டி வாரவரைக்கும் வாசல்லதான கிடக்கும்? பஸ்ஸுக்கு நிக்கவுக எல்லாம் வாசிப்பாக. இன்ன வீட்டுல பாத்திரத்தை வித்துட்டாகன்னு ஊருக்குத் தெரியணுமா?"

அவன் கை தானாக இறங்கியது. விற்கிறவர்கள் அழிக்கச் சொல்லிக் கேட்கிறார்களா என்று விசாரித்தான்.

"வாயைத் திறந்து கேப்பாகளா? நேத்து சாயங்காலம், நீங்க தச்சநல்லூர் குடோனுக்குப் போன பெறவு ஒரு அம்மா வந்தாக. பெரிய வேலையில இருக்க மகன் வீட்டுக்கு வந்திருக்கானாம். ஒரு வாரம் நல்லாச் சமைச்சுப் போடணுமாம். கேட்டா உடனே தருவானாம். கேக்கத்தான் கூச்சமா இருக்குன்னாக. நானும் மேக்கொண்டு ஒண்ணும் கேக்கல."

சொல்லிக்கொண்டே அடுத்த பாத்திரத்தை இழுத்தாள். பித்தளைத் தவலை. உருண்டு வந்து அவன் காலருகே நின்றது. கழுத்தில் எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது: 'லக்ஷ்மிநாராயணன் – ருக்கு'.

வைத்தீஸ்வரன் நோட்டைத் திறந்து அந்த நாற்பது நிமிடத்தைக் கோடு போட்டு அடித்தான். சட்டைக் கையை மடக்கிவிட்டு அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"இதை மட்டும் அழிக்காதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றான். "அடுத்ததைக் கொடுங்க. உருளாம நான் பிடிச்சுக்கிடுதேன்."

பிரேமலதா இன்னொரு குடத்தை அவன் பக்கம் தள்ளி, பெயரின் மேல் ஊசியை வைத்தாள்.