சுற்றிப் போகும் சட்டம்

சமையலறைச் சுவரில் எறும்புகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. சர்க்கரை டப்பாவுக்கு நேராகப் போகக் கூடாது, டியூப்லைட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். எப்போதோ நடுச்சுவரில் தண்ணீர் கசிந்ததாம். டியூப்லைட் அடியில் பல்லி ஒன்று குடியிருந்ததால் போகிற எறும்புகளில் சில திரும்புவதில்லை.

பொடிச்சி என்ற எறும்புக்குப் பொறுக்கவில்லை.

"சுவரு காஞ்சு எவ்வளவோ காலமாச்சுங்க. நேரா போனா என்ன?" என்று தலைவரைக் கேட்டாள்.

"சட்டத்துல தண்ணியைப் பத்திப் பேச்சே இல்லம்மா. சுத்திப் போகணும்னுதான் இருக்கு" என்றார் அவர்.

தூ, இவரெல்லாம் ஒரு தலைவர் என்று நினைத்துக்கொண்ட பொடிச்சி, நேராகவே போய்ச் சர்க்கரையோடு முழுசாகத் திரும்பினாள். உடனே விசாரணை வைத்தார்கள். தலைவர் சட்டத்தைப் படிக்கும்போது மேலேயிருந்து பல்லி "த்ச், த்ச்" என்றது.

"பல்லியே சொல்லிடுச்சு" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சர்க்கரையைத் திரும்ப வைத்துவிட்டு, சட்டப்படி சுற்றிப் போய் எடுத்து வர வேண்டும் என்று தீர்ப்பானது. பொடிச்சி பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிப் போனாள். பல்லி ஒரே வாயில் அவளை விழுங்கியது.

தலைவர் வரிசையைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"சட்டத்தை மீறினா என்ன ஆகும்னு இப்பவாவது தெரிஞ்சுதா? சரி, சுத்திப் போங்க."