பின்சீட்டு

ஊர் வழக்கப்படி வீட்டு முன்வாசலில் கட்டிய அம்மாவின் சமாதியில் பூசிய சிமென்ட் இன்னும் காயவில்லை. அதற்குள் அப்பா தன் பழைய ஹோண்டா பைக்கை விற்க ஆள் பார்த்துவிட்டார்.

ஆக்லாந்திலிருந்து சாவுக்கு வந்திருந்த மகள் தெபாயெருவுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டியில்தான் இரண்டு பேரும் ராரோடோங்கா தீவைச் சுற்றி வந்தார்கள். வயதான பிறகும் அம்மா அவர் தோளில் தாடையை வைத்து, காதோடு ஏதோ பேசிக்கொண்டேதான் போவாள். "கிழட்டுப் புறா ரெண்டும் கிளம்பிடுச்சு டோய்!" என்று ஊரே கேலி செய்யும்.

மாமரத்தடியில் அப்பா மாரா, துடைத்து வைத்த கார்புரேட்டரை மாட்டிக்கொண்டிருந்தார். முகம் கடல் பக்கம் இருந்தது. விரல்கள் தம் பாட்டுக்குத் திருகாணியை முடுக்கின. பெற்ற மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காதது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சாயங்காலம் பக்கத்து வீட்டு ரோங்கோ வந்து எடுத்துட்டுப் போயிடுவான்" என்றார்.

"அவ்வளவு அவசரமாப்பா? அம்மா உட்கார்ந்த சூடுகூட ஆறலை. இல்ல, பின்னாடி உட்காரப் புது ஆள் பார்த்தாச்சா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவின் கண்ணில் நீர் திரண்டது.

"இனிமே இது எனக்கு எதுக்கும்மா?"

"சந்தைக்கு, சர்ச்சுக்கு எப்படிப் போவீங்க? வண்டி நல்லாத்தானே இருக்கு?"

"வண்டிக்கு என்ன கேடு! என்னைப் புதைச்ச பிறகும் ஓடும்."

அவளுக்குக் கோபம் போய் அழுகை வந்தது. "விக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, அம்மா மாதிரி நானும் பின்னாடி உட்கார்ந்து வரேம்ப்பா. சர்ச் வரைக்கும்."

அவர் எழுந்து, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினார். அவள் ஏறி, அம்மாவைப் போலவே அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். வண்டி உறுமியதே தவிர நகரவில்லை.

"போங்கப்பா."

"ரோட்டுல கோழி, நாய் ஏதாவது நிக்குதா?"

"முன்னாடி இருக்கற உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?"

அப்பா எஞ்சினை அணைத்தார்.

"கியரும் பிரேக்கும் மட்டுந்தாம்மா நான். ரெண்டு வருஷமா ரோட்டைப் பார்த்துச் சொன்னது உங்கம்மா."