மொட்டையான கார்ப்பெட்

கார்ப்பெட்டைச் சுருட்டிக் கட்டக் கயிறோடு வந்து நின்றார் பொன்னையன். வாசலில் பெட்டி ஆட்டோவும் தயார்.

"மகளுக்கு நிச்சயமாக்கும். ஸ்டேஜுல விரிக்க இதுபோல ஒண்ணு பாறசாலையில எவன்ட்டயும் இல்ல, கேட்டியா?" என்றார், தங்கை முறையான சத்தியபாயிடம்.

நிச்சய வீட்டுக்குக் கேட்டதை இல்லையென்று சொன்னால் சபை முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். ஆனால் பொன்னையன் இரவல் வாங்கிய எதுவும் முழுசாகத் திரும்பிய சரித்திரம் கிடையாது. போன தடவை பிரியாணிச் செம்பு சொட்டை விழுந்து வந்தது, நாற்காலி மூன்று காலோடு வந்தது.

மருமகள் ஜெஸ்மியின் கண் கலங்கியது. அவள் கணவன் நிபின், சவுதியிலிருந்து முதல் லீவில் ஆசையாய்ச் சுமந்து வந்த சிவப்புக் கார்ப்பெட் அது.

"மாமி, அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"நீ வாய மூடு. அண்ணன் கேட்டா எனக்க உயிரயும் குடுப்பேன். போ, மெஷின் போட்டு சுத்தமாக்கிக் குடு." கத்தியதில் சத்தியபாய்க்கு இருமல் வந்துவிட்டது.

"சளி உண்டா? எப்பவும் கழுத்துல கெடக்கிய செவப்பு மப்ளர் எங்க?" என்று கரிசனமாய்க் கேட்டார் பொன்னையன்.

"அது பிஞ்சு போச்சு அண்ணா."

ஜெஸ்மி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாக்குவம் கிளீனரில் கரண்டில் சுழலும் பிரஷ்ஷை மாட்டினாள். சோபாவுக்கு அடியில் மறைந்து கிடந்த ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். கர்ரென்று பிரஷ் சுழல, குப்பை சேரும் கண்ணாடி டப்பாவில் சிவப்புப் பஞ்சு பொங்கிப் பொங்கி நிறைந்தது.

"நிறுத்து பிள்ளே! எனக்க மவன் கொண்டாந்த கார்ப்பெட்ட மொட்டையடிச்சுப் போட்டாளே!" சத்தியபாய் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணா, நீங்க எடுத்திட்டுப் போங்கோ. கொஞ்சம்போல கொட்டும், அவ்வளவுதான்."

பொன்னையன் டப்பாவை எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுப் பட்டுச் சேலைகளெல்லாம் சிவப்புப் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஊர் திரும்புவது அவர் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும். மனுஷனுக்கு வியர்த்தது.

"வேண்டாம் சத்தியபாயே. நான் நெய்யாற்றின்கரையில வாடகைக்கு எடுத்துக்கிடுதேன். பாவம் பிள்ளை, வையாத கேட்டியா." கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோச் சத்தம் வளைவு தாண்டி அடங்கியது. ஜெஸ்மி நிமிராமல் நின்றாள். சத்தியபாய் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"மக்கா, மிச்ச மப்ளரையும் பிச்சு பத்திரமா வை. அவருக்கு இன்னும் ஒரு மக உண்டு."