சுவருக்கு மேலே

"நான் இருமி இருமிச் சாகக் கெடந்தப்போ அடைக்காத மனுசன், சொகமாகி வந்த அன்னிக்குப் பாத்து அடைக்கிறாரு. இது நியாயமா?"

துஷாந்தினியின் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது.

கேட்காமல் என்ன செய்யும்? பசறைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவே சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. கட்டினவன் செங்கல்லை மிச்சம் பிடித்தான். ஒரு வீட்டுத் தாளிப்பும் இருமலும் எல்லா வீட்டுக்கும் பொதுவாகிப் போனது.

அவளுக்கு வந்தது வழக்கமான மருந்துக்கு மசியாத காசநோய். ஒன்றரை வருஷம் வேளை தவறாமல் குளிசை விழுங்கினாள். காது இரைந்தது, தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. அன்று காலைதான் பதுளை கிளினிக்கில், "இனிக் கிருமி இல்லை, முழுசாகச் சுகம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு அழகையா சுவருக்கு மேலே தடித்த பொலித்தீனை ஆணியடித்து அடைத்து வைத்திருக்கிறார். கதவையும் சாத்திக்கொண்டார்.

வேறு யாராவது என்றால் பொறுத்திருப்பாள். அவள் படுத்துக் கிடந்தபோது அந்த இடைவெளி வழியாகத் தினமும், "குளிசை போட்டியா புள்ள?" என்று கேட்டவர் அவர்.

"இனி அந்தாளு வீட்டு வாசல யாரும் மிதிக்கக் கூடாது" என்றாள் கோடி வீட்டு ரெங்கம்மா. "சொகமான புள்ளைய இப்பிடியா அசிங்கப்படுத்துறது?"

போன வருஷம் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, துஷாந்தினியின் குடத்தைத் தள்ளி வைக்கச் சொன்னவளும் இதே ரெங்கம்மாதான். நியாயம் பேச மட்டும் முதல் ஆளாக வந்துவிடுவாள்.

துஷாந்தினிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உள்ளே போய் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். பொலித்தீனின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். ஆணி கழன்று விழுந்தது.

"புடுங்காத தாயி" என்றது அந்தப் பக்கமிருந்து அழகையாவின் குரல்.

"ஏன் மாமா? என் மூச்சுப் பட்டா ஒங்களுக்கு ஒட்டிக்குமா? டாக்டரே சொகம்னு சொல்லிட்டாரு."

"ஒனக்குச் சொகந்தான். அதுக்குத்தான் அடைச்சேன்."

அதற்குமேல் பேச முடியாமல் இருமினார். துணியால் வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நேத்து எனக்கு டெஸ்ட் முடிவு வந்துச்சு. ஒனக்கு வந்த அதே காச வருத்தந்தான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். அதுவரைக்கும் என் மூச்சு ஒன் பக்கம் வரக் கூடாது."

துஷாந்தினி பொலித்தீனை விட்டாள். வெளியே ரெங்கம்மா இன்னும் அழகையாவை ஏசிக்கொண்டிருந்தாள்.

"வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒங்கள இப்பிடி ஏச விட்டிருப்பேனா மாமா?"

"மெதுவா பேசு. சொன்னா, யாருகிட்ட இருந்து ஒட்டுச்சுன்னு கேப்பாங்களே புள்ள."