முதுகில் ஒரு கோடு

முட்டையைக் கிழித்துக்கொண்டு வந்த குட்டி வெள்ளையாக இல்லை.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். செம்பழுப்பு. கண்ணும் கறுப்பு.

தாய் வெள்ளை. தகப்பனும் அதே ரகத்து வெள்ளை. கார்ன் ஸ்னேக் என்கிற இந்த விஷமில்லாத பாம்பு வளர்ப்பில் எத்தனையோ விஷயத்தில் அதிர்ஷ்டம் பார்க்கலாம், இதில் மட்டும் கிடையாது. ஒரே ரகத்து வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் வெள்ளைதான்.

"என்ன செழியன், கலர் மாறுது?"

முதுகுக்குப் பின்னால் சாந்தகுமார். சனிக்கிழமை காலையில் இதற்காகவே சுகர் லேண்டிலிருந்து கிளம்பி வந்திருந்தார். பெண் பாம்பு அவருடையது, ஆண் என்னுடையது. மார்ச் மாதம் பெண்ணைக் கொண்டுவந்து விட்டார். குட்டிகளில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

கேட்டி என்கிற இந்த ஊரில், எங்கள் வீட்டு கராஜில் கார் நிற்பதில்லை. ஏசி ஓடுகிறது, சுவர் முழுக்கப் பாம்புப் பெட்டிகள். போன அக்டோபரிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் பூட்டு. சாவி என் கழுத்துச் சங்கிலியில்.

அப்படியிருந்தும் தாயின் பெட்டியை யாரோ திறந்திருக்கிறார்கள். வேறு ஓர் ஆணை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

யார்?

என் மனைவி யாமினி கராஜ் பக்கமே வர மாட்டாள். பாம்பு வந்த வாரமே வாஷிங் மெஷினை மாடிக்கு ஏற்ற வைத்தவள். மிச்சம் ஒருத்திதான்.

"தீக்ஷா!"

என் மகள் வந்தாள். பதினான்கு வயது. காதிலிருந்து இயர்போனைக் கழற்றிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். பத்து மாதமாக அந்தப் படியை அவள் தாண்டியதில்லை. தாண்டக் கூடாது என்று சொன்னவன் நான்தான்.

போன தீபாவளிப் பார்ட்டி அன்று அவளுடைய ஆண் பாம்பு ஸிப்பர் காணாமல் போனான். கழுத்திலிருந்து வால்வரை முதுகில் நேராக ஒரே கோடு, ஜிப் வைத்துத் தைத்த மாதிரி. அதனால் அந்தப் பெயர். விருந்தாளிகள் கிளம்பியபின் பார்த்தால் பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. "ஐ க்ளோஸ்ட் இட், அப்பா" என்று அழுதாள்.

நான் நம்பவில்லை. அன்றோடு அவளுக்கும் கராஜுக்கும் உறவு முடிந்தது. அநேகமாக அவளுக்கும் எனக்கும்.

அன்றைக்குப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோபாவுக்கு அடியில் முட்டிபோட்டுத் தேடியவர் சாந்தகுமார் ஒருவர்தான்.

"சாவியை எப்ப எடுத்தே?" என்றேன்.

"வாட் கீ?"

"நடிக்காதே. தாயோட பெட்டிக்குள்ள எதை விட்டே?"

"ஐ டிட்ன்ட், அப்பா."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழவில்லை. அழுவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"விடுங்க செழியன்," என்றார் சாந்தகுமார். "சின்னப் பொண்ணு, விளையாட்டா ஏதோ ஒண்ணை உள்ள விட்டிருப்பா. இதுக்குப் போய் டென்ஷன் ஆகிட்டு. அடுத்த சீஸன் பாத்துக்கலாம்."

அன்றைக்கும் இப்படித்தான் அவளுக்காகப் பரிந்து பேசினார்.

இரண்டாவது முட்டை அசைந்தது. குட்டி வழுக்கி வெளியே வந்து ஈரப் பாசியின்மேல் நீண்டு படுத்தது.

அதன் முதுகில், கழுத்திலிருந்து வால்வரை, நேராக ஒரே கோடு.

டார்ச்சை அதன்மேலேயே பிடித்திருந்தேன்.

சாந்தகுமார்தான் முதலில் சிரித்தார். "பாத்தீங்களா! ஸிப்பர் இன்னும் உங்க வீட்டு செவுத்துக்குள்ளயேதான் சுத்திட்டிருக்கான். ராத்திரி வந்து வேலையைக் காட்டிட்டுப் போயிட்டான்!"

சுவருக்குள் இருக்கிற பாம்பு பூட்டைத் திறக்காது.

அந்தக் கோடு சும்மா வராது. தாய், தகப்பன் இரண்டு பேரில் ஒருவருக்காவது இருந்தால்தான் குட்டிக்கு வரும். தாய்க்கு இல்லை. என் கராஜில் கோடு போட்ட ஆண் இருந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. அவன் போனது அக்டோபரில். தாய் இங்கே வந்தது மார்ச்சில்.

பெண் பாம்புக்கு ஒரு குணம் உண்டு. சேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளேயே பத்திரமாக வைத்திருந்து, பிறகு அதில் முட்டையிடும். இதைத் தீக்ஷாவுக்கு ஒன்பது வயதில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இந்தப் பெண் பாம்பை முட்டையிலிருந்தே வளர்த்ததாகச் சாந்தகுமார் சொல்லியிருந்தார். மார்ச்சுக்கு முன்னால் அது அவர் வீட்டைத் தாண்டியதே இல்லையாம். அவர் வீட்டில் கோடு போட்ட பாம்பு ஒன்றுகூடக் கிடையாதாம்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் எந்த முகத்தை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை.

தீக்ஷா படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

என்னைக் கேட்கவில்லை. குனிந்து விரலை நீட்டினாள். குட்டி சுற்றிக்கொண்டது. அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், இதை மட்டும் நல்ல தமிழில், நிதானமாகக் கேட்டாள்.

"அங்கிள், ஸிப்பர் ஒழுங்கா சாப்பிடறானா?"

சாந்தகுமார் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். சட்டைப் பை. பேன்ட் பை. மறுபடி சட்டைப் பை.

சாவி அவர் கையிலேயே இருந்தது.