பதறாத பதில்

"வரியைக் குறைச்சீங்க. யாருக்குக் குறைஞ்சது, அதிபர் அவர்களே?"

எதிர்மேடையில் நின்று கேட்டவர் செனட்டர் ஆரின் டேபர்.

நாளை மாலை தொலைக்காட்சியில் விவாதம். இன்று விடுதி அரங்கில் ஒத்திகை. எதிர்க்கட்சி வேட்பாளராக நடிக்க வந்திருந்த டேபர், அதிபர் வாரன் டன்லப்பின் கல்லூரிக் காலத்து நண்பர். ஒரே கட்சி.

முன்வரிசையில் நடாலி குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். அதிபரை விவாதத்துக்குத் தயார் செய்வது அவள் வேலை. முதல் விவாதத்தில் போர் பற்றிக் கேட்டதும் அவர் முகம் சிவந்து கத்திவிட்டார். கருத்துக்கணிப்பில் சரிவு தொடங்கியது அன்றுதான். இன்னொரு முறை கத்தினால் தேர்தல் போய்விடும்.

வரிக்கு நன்றாகவே பதில் சொன்னார். ஒஹையோ மாநிலத்தில் மூடிய ஆலைகளைப் பற்றி டேபர் குடைந்தார், அதையும் சமாளித்தார். நீதிபதிகள் நியமனம், எல்லைச் சுவர், முறிந்த ஒப்பந்தங்கள் என்று டேபர் விடாமல் நகர்ந்தார்.

"நம்ம நேச நாடுகள்ல உங்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்ப யாராவது மிச்சம் இருக்காங்களா?"

"அனுப்பறாங்க. இப்பல்லாம் ராணுவச் செலவு மாதிரி தபால் செலவையும் அவங்களே கட்டறாங்க" என்றார் அதிபர்.

ஊழியர்கள் சிரித்தார்கள். நடாலி சிரிக்கவில்லை. போர் பற்றிய கேள்வி இன்னும் வரவில்லை.

டேபர் தண்ணீர் குடித்தார். எதிரில் இருந்த பேச்சு மேசையின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"போருக்குன்னு அந்தப் பள்ளத்தாக்குக்கு நீ அனுப்பின பசங்கள்ல பாதிப் பேர் திரும்பி வரலை. மறுபடியும் அதே முடிவைத்தான் எடுப்பியா?"

நடாலி அதிபரின் கழுத்தைப் பார்த்தாள். சிவப்பு அங்கிருந்துதான் ஏறும். ஏறவில்லை. அவள் பழக்கியபடியே ஒரு மூச்சு விட்டார். எதிரில் இருப்பவரின் கண்ணை நேராகப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார்.

"எடுப்பேன். அவங்க தியாகம் வீண் போகலைன்னு அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும்."

குரல் நடுங்கவே இல்லை. அரங்கு கைதட்டியது. நடாலிக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

டேபர் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். இன்னொரு சுற்று இருக்கிறதே என்று நடாலி தடுத்தாள்.

"வேண்டாம்மா. நல்லாவே தயார் பண்ணியிருக்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதிபர் உற்சாகமாக வந்தார். "கடைசிக் கேள்விதான் அசல். நீ எழுதிக் கொடுத்ததா?"

இல்லை என்று தலையசைக்கும்போதுதான் நடாலிக்கு உறைத்தது. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சவப்பெட்டியில் வந்தவர்களில் ஒருவன் டேபரின் மகன். பெட்டிமேல் இருந்த கொடியை மடித்து டேபரின் கையில் கொடுத்தவர் இதே அதிபர்.